ஏழு மணிக் கரண்ட்

2012ல் சேலம் அஸ்தம்பட்டியில் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்டார்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? இன்வெர்ட்டருக்குத் தனி ஒயரிங் இருக்கிறதா? இப்போது வருபவர்கள் நேராக மொட்டைமாடிக்கு ஏறுகிறார்கள். தெற்குப் பக்கம் மரம் இருக்கிறதா, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் மத்தியானத்தில் விழுமா என்று பார்க்கிறார்கள். ஏற்காடு ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. கரண்டுக்காகக் காத்திருந்த வீடுகள் இன்று கரண்டு கொடுக்கும் வீடுகளாகிவிட்டன. ஆனால் கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்க இன்னும் வழியில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைய நிலையை மறந்தவர்களுக்கும், அப்போது குழந்தையாக இருந்தவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008 நவம்பரிலேயே தமிழ்நாட்டில் மின்சாரத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆலைகளுக்கு முதலில் வெட்டு; வீடுகளுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று தொடங்கியது. 2012ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் வெட்டு என்றால், வெளி மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். சில நாள் அந்தக் கணக்கும் இல்லை. அம்மாபேட்டையில் விசைத்தறிகள் பாதி நெசவில் நின்றன. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் கரண்டு வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் வேலைக்கு உட்கார்ந்தார்கள். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் டீசலில் ஓடின. 2011 செப்டம்பரில்தான் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியிருந்தது. அந்த மின்விசிறி சுழல மின்சாரம் இல்லாமல் எத்தனையோ வீடுகளில் பெட்டியோடு இருந்தது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் வேதனை ஒன்று இருந்தது. 840 மெகாவாட் திறனுள்ள மேட்டூர் அனல்மின் நிலையம் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். அணையடி மின்நிலையமோ வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஓடுகிறது. உற்பத்தியாகும் இடம் பக்கத்தில் இருந்தால் போதாது. மின்சாரம் மாநிலத்தின் பொது வலையில் சேர்ந்து, பங்கு பிரித்துத்தான் வீட்டுக்கு வரும் என்பதை அந்த இருட்டில்தான் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துகொண்டது.

இன்வெர்ட்டர் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் படுக்கையில் இருந்தார்கள். காற்று நின்றால் முதுகில் புண் வந்துவிடும். சம்பளத்தில் கடன் போட்டு 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி ஒன்றும் இன்வெர்ட்டரும் வாங்கினோம். கூடத்து மூலையில் ஸ்டூல் போட்டு வைத்திருந்தோம். மூடிகளில் சிவப்பு மிதவை கீழே இறங்கிவிட்டதா என்று மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, புனல் வைத்துப் பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு அமிலம் பட்டால் சேலையில் ஓட்டை விழும்.

12 வோல்ட்டையும் 150 ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் 1.8 யூனிட். காகிதத்தில்தான் அவ்வளவு. இன்வெர்ட்டர் தின்றது போக, பேட்டரியை அடிவரை இறக்காமல் எடுத்தால், கைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். இரண்டு ஃபேன், இரண்டு ட்யூப் லைட் நாலைந்து மணி நேரம் ஓடும். மிக்சி போட்டால் கத்தும்.

பின்வீடு வரிசையாக நாலு குடித்தனம் இருக்கும் லைன் வீடு. அதில் ஒரு வீட்டுப் பெண் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஒருநாள் காம்பவுண்டு அருகே நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், ஒரே ஒரு லைட்டுக்கு மட்டும் ஒயர் இழுத்துக்கட்டுமாங்க? பரீட்சை முடிஞ்சதும் கழட்டிடறோம்." சுவருக்கு மேலே ஒயர் போனது. அந்தப் பக்கம் 14 வாட் சிஎஃப்எல் பல்பு ஒன்று. பல்பை அவர்களே வாங்கினார்கள். சாயங்காலம் கரண்டு போனால் எங்கள் கூடத்தில் ட்யூப் லைட் எரியும் அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமும் வெளிச்சம் வரும். ஒரு மணி நேரத்துக்கு 14 வாட் என்றால் யூனிட்டில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அதற்கு அந்தம்மா காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை. மாம்பழக் காலத்தில் ஒரு கூடை குண்டு மாம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுப் பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் போனது அப்போதுதான்.

அந்த இன்வெர்ட்டர்களுக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஒரு மணி நேரம் போன கரண்டு திரும்பி வந்ததும், தெருவில் உள்ள அத்தனை பேட்டரிகளும் ஒரே சமயத்தில் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாம் அதே நேரத்தில். போட்ட மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் வெப்பமாகவும் ஆவியாகவும் போகும். அதாவது, பற்றாக்குறையைச் சமாளிக்க நாங்கள் வாங்கிய பெட்டியே பற்றாக்குறையைக் கூட்டியது. அந்த நாளில் வேறு வழியும் இல்லை. படுத்திருக்கும் கிழவிக்குக் காற்று வேண்டுமே.

பிறகு நிலைமை மெல்ல மாறியது. மேட்டூரில் 600 மெகாவாட் புதிய அலகு வந்தது. கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. 2014 ஜூன் முதல் மின்வெட்டு நீங்கும் என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். சில ஆண்டுகளில் எங்கள் பேட்டரி வீங்கிப்போனது. எடைக்குப் போட்டோம். புதிதாக வாங்கவில்லை.

இப்போது கூடத்து மூலை காலி. மாடியில் 3 கிலோவாட் சோலார். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரியகர் திட்டம் வந்தது. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்துப் போட்டுவிட்டோம். சேலம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். ஆக 12 யூனிட். ஐப்பசி அடைமழையில் குறையும், பங்குனியில் ஏறும். வாசலில் இருந்த பழைய மீட்டர் போய், வருவதையும் போவதையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர் வந்தது. பழைய வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதும் காலத்தில், மின்சாரத்துக்கு ஒரே திசைதான். இப்போது 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' என்று இரண்டு எண்கள். பிள்ளைகள் வெளியூரில். பகலில் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும். மாடியில் விளைவதில் பெரும்பங்கு வெளியேதான் போகிறது.

எங்கே போகிறது? மின்சாரம் பக்கத்தில் யாருக்குத் தேவையோ அங்கே முதலில் போகும். எங்கள் கம்பத்தில் ஏறியது அதே டிரான்ஸ்பார்மருக்குக் கீழே உள்ள வீடுகளிலேயே செலவாகிவிடும். பின்வீட்டு லைன் வீடு அதே டிரான்ஸ்பார்மரில்தான் இருக்கிறது. அன்று சுவரைத் தாண்டி ஒயரில் போனது, இன்று கம்பம் வழியாகப் போகிறது. 14 வாட் போன இடத்துக்கு இன்று 2,000 வாட் போகிறது. ஆனால் மத்தியானத்தில் போகிறது. அங்கே குடியிருப்பவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தும் நாளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். உச்சி வெயில். மாடியில் ஆறு தகடுகள் தகதகவென்று. கீழே ஃபேன் சுற்றாது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்துக் கேட்பார். "என்னங்க டீச்சர், சோலார் போட்டும் உங்களுக்குமா கரண்ட் இல்லைங்க?" இல்லைதான். வெளியே லைன் செத்திருக்கும்போது இந்த வகை சோலார் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் எங்கள் மாடியிலிருந்து கரண்டு பாய்ந்துவிடக் கூடாதே. அந்த விதி மிகச் சரி. ஆனால் 2012ல் ஊர் இருண்டபோது எரிந்த வீடு, இன்று ஊரோடு சேர்ந்து அணைகிறது. பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருந்தால் வெளி லைனைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் ஓடும்.

சோலார் மாட்ட வந்த தம்பியிடம் நான் பேட்டரியைப் பற்றிக் கேட்டேன். இப்போது லித்தியம் பேட்டரி வந்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், புகை இல்லை, சுவரில் மாட்டிவிடலாம். 5 யூனிட் ஏற்றினால் நாலரை யூனிட் திரும்பக் கிடைக்கும். ஆறாயிரம் முறை ஏற்றி இறக்கலாம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். நாள் ஒருமுறை என்றால் பதினாறு வருஷம். அந்தத் தம்பி நேர்மையாகச் சொன்னார். "வேண்டாங்க டீச்சர். இங்க கரண்டு போறதே எப்பவாவதுதான். லட்சத்துக்கு மேல ஆகும். மானியமும் பேட்டரிக்குக் கிடையாது. போட்டா உங்களுக்கு நஷ்டம்."

அவர் சொன்ன நஷ்டத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் முறையைக் கொடுத்தது. மத்தியானம் நான் ஒரு யூனிட் கொடுத்தால், ராத்திரி ஒரு யூனிட் எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சினால் அடுத்த பில்லில் கழியும். சாமானியனுக்கு இது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பேட்டரி வைத்திருப்பவன் கணக்கு என்ன ஆகிறது? மத்தியானம் 5 யூனிட்டை நேரே கம்பத்தில் ஏற்றினால் 5 யூனிட் வரவு. அதையே பேட்டரியில் சேமித்து ஏழு மணிக்குக் கொடுத்தால் நாலரை யூனிட் வரவு. ஊருக்கு அதிகம் பயன்படும் நேரத்தில் கொடுத்ததற்குத் தினம் அரை யூனிட் அபராதம், அதுவும் லட்ச ரூபாய்ப் பெட்டியை வாங்கிய பிறகு.

மத்தியான யூனிட்டும் மாலை யூனிட்டும் ஒன்றல்ல என்பதைச் சந்தையே சொல்கிறது. மின்சார எக்ஸ்சேஞ்சில் நல்ல வெயில் நாளில் பகல் விலை யூனிட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய்க்கு இறங்கிவிடும். கோடைக்காலத்தில் சூரியன் இறங்கியதும் அதே யூனிட், அனுமதிக்கப்பட்ட உச்ச விலையான 10 ரூபாயைத் தொடும். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரியன் தோள் கொடுக்கிறது. ஆறரை மணிக்கு அது மலையிறங்கும் நேரத்தில்தான் வீட்டு ஏசியும் டிவியும் இண்டக்ஷன் அடுப்பும் ஒன்றாகப் போடப்படுகின்றன. அந்தப் பள்ளத்தை வெளியிலிருந்து வாங்கித்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளிடம் மாலை ஆறு முதல் பத்து வரை 25 சதவீதம் கூடுதலாக வசூலிக்கிறார்கள். ஏழு மணி மின்சாரம் விலை உயர்ந்தது என்று ஆலையிடம் சொல்லும் கட்டண அட்டவணை, அதே ஏழு மணிக்கு ஒரு வீடு கொடுக்கும் மின்சாரத்துக்கு மட்டும் அந்த மதிப்பைக் கொடுப்பதில்லை.

தொலைதூரத்துக்குப் போகாமலே பாடம் படிக்க இலங்கை இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் அங்கே நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. நாங்கள் 2012ல் பட்டதை அவர்கள் பத்தாண்டு கழித்துப் பட்டார்கள். எரிபொருள் வாங்கக் காசில்லாத அந்த அவதிக்குப் பிறகு கூரைச் சூரியசக்தி வேகமாகப் பரவியது. 2025ல் பிரச்சினை தலைகீழானது. பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, தீவு முழுவதும் மின்சாரம் அறுந்தது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் தொடங்கிய கோளாறு, தேவை குறைந்து சூரியமின்சாரம் நிறைந்திருந்த பகலில் நாட்டையே இருட்டாக்கியது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் வேளைகளில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. மின்சாரம் கேட்டு அழுத ஊரில், மின்சாரம் கொடுக்காதீர்கள் என்று கேட்கும் நிலை.

அங்கே அரசு எடுத்த முடிவைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பேட்டரியில் சேமித்து, மாலை உச்ச நேரத்தில் வலைக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு 45 ரூபாய் 80 சதம் என்று அந்த ஆண்டே விலை நிர்ணயித்தார்கள். பேட்டரி இல்லாத 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட கூரைக்கு 20 ரூபாய் 90 சதம். இரண்டு மடங்குக்கும் மேல். நம் பணத்தில் அந்த மாலை யூனிட் 13 ரூபாய் சொச்சம். அங்குள்ள கூரைச் சொந்தக்காரருக்குப் பேட்டரி நஷ்டமில்லை, தொழில்.

பணக்கார நாடுகளில் இது பழகிப்போன விஷயம். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான வீட்டு பேட்டரிகளை ஒன்றாகக் கோத்து ஒரே மின்நிலையம்போல இயக்கும் திட்டத்தை 2018ல் அறிவித்தார்கள். கலிபோர்னியாவில் 2022ல் நெருக்கடி நேரத்தில் வீட்டு பேட்டரியிலிருந்து கொடுத்த ஒரு யூனிட்டுக்கு 2 டாலர் கொடுத்தார்கள். அந்தக் காசு நமக்குக் கட்டாது. இலங்கை நம்மைப் போன்ற ஊர். நம்மைவிடக் கடன்பட்ட ஊர். அவர்களால் முடிந்தது நம்மால் முடியும்.

நம் அரசு சேமிப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். ஆழியாறுக்கு மேலே கடம்பாறையில் உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் 1980களின் கடைசியிலேயே வந்துவிட்டது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே வேலை நடக்கிறது. துணைமின் நிலையங்களில் 1,000 மெகாவாட்-மணி பேட்டரிகள் வைக்க 2025ல் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் டெண்டர் விட்டது. எல்லாம் வேண்டியவைதான். அவற்றோடு வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். லட்சம் வீடுகள் மாலை நாலு மணி நேரம் ஆளுக்கு ஒரு கிலோவாட் கொடுத்தால் 100 மெகாவாட். கடம்பாறையில் உள்ள நாலு இயந்திரங்களில் ஒன்றுக்குச் சமம். அதற்கு மலை குடைய வேண்டாம், கோபுரம் நட்டு லைன் இழுக்க வேண்டாம். விளையும் தெருவிலேயே செலவாவதால் வழியில் வீணாவதும் கொஞ்சம்தான். கோடையில் ஏசி ஏறிக் கொதிக்கும் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மருக்கும் பாரம் குறையும்.

என் கணக்கு பெரிய கணக்கில்லை. பேட்டரி விலையை அதன் ஆயுளில் கொடுக்கும் யூனிட்டுகளுக்குப் பிரித்தால், வட்டியும் சேர்த்து யூனிட்டுக்கு ஆறேழு ரூபாய் வருகிறது. மாலை யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கிடைத்தால் கையைக் கடிக்காது. நாலரை யூனிட் வீதம் மாதம் 1,350 ரூபாய். ஓய்வூதியக்காரர் வீட்டில் மருந்துச் செலவுக்கு ஆகும் தொகை. அந்தப் பத்து ரூபாய், வெளிச்சந்தையில் அதே நேரத்தில் கொடுக்கும் பத்து ரூபாய்தான், சேலத்துக்குள்ளேயே தங்கும்.

எதிர்க்கேள்விகள் நியாயமானவை. முதல் நூறு யூனிட் இலவசமாக வரும் மின்சாரத்தில் பேட்டரியை ஏற்றி, மாலையில் திருப்பி விற்று ஏமாற்ற மாட்டார்களா? நேரத்தோடு கணக்கு எழுதும் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் இரவில் இறக்கியது எவ்வளவு, சூரியனில் ஏறியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த மீட்டர் நம் வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. 2024 டிசம்பரில் டெண்டரையே ரத்து செய்துவிட்டார்கள். எல்லா வீட்டுக்கும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேட்டரி வைத்து விற்க விரும்புகிறவருக்கு மட்டும் முதலில் மாட்டலாம். மீட்டர் விலையை அவரே கட்டட்டும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிது. மொட்டைமாடி சொந்தமாக உள்ளவனுக்குத்தானே இந்த வருமானம்? லைன் வீட்டில் இருப்பவருக்கு என்ன? எங்கள் பின்வீட்டுப் பெண் படித்து முடித்து இன்று கோவையில் வேலை பார்க்கிறாள். அவள் பெற்றோர் இன்னும் அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கும் மாலை விலையை அவர்கள் பில்லில் ஏற்றினால் நான் அந்தக் காசை வாங்க மாட்டேன். வெளியில் வாங்கும் விலைக்கு மேல் வீட்டுக்காரருக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பை ஆணையம் உத்தரவிலேயே எழுத வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அடுக்குமாடிகளின் பொது மாடிகளில் சோலாரும் பேட்டரியும் வைத்து, அங்கே குடியிருப்பவர்கள் பில்லில் பிரித்துக் கழிக்கவும் வழி செய்ய வேண்டும்.

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்களை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் நடத்தியது. அடுத்த முறை சேலத்திலும் ஒன்று நடத்துங்கள். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் விசைத்தறிக்காரர், கோழிப்பண்ணைக்காரர், கூரையில் சோலார் போட்ட குடும்பங்கள் எல்லோரும் வந்து பேசுவார்கள். நடத்தாவிட்டாலும், வரைவு உத்தரவு வெளியாகும்போது எழுத்தில் கருத்து அனுப்ப எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. மாடியில் சோலார் போட்டிருக்கும் வாசகர்கள் தங்கள் பில்லில் எக்ஸ்போர்ட் எண்ணை எடுத்துப் பார்த்து, மாலை ஆறு முதல் பத்து வரை வீட்டு பேட்டரி கொடுக்கும் யூனிட்டுக்குத் தனி விலை வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். நான் என் கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன்.